ஒன்பது கிலோ

 

சென்ற வாரம் எங்கள் பள்ளியில் 'செகாக்' உடல் தகுதிச் சோதனை நடைபெற்றது. நான்காம் ஆண்டு தொடங்கி மேல்வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படும் இச்சோதனை, 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் நடைமுறையில் இருந்து வருகிறது. பலகையின்மீது ஏறி இறங்க வேண்டும். தரையில் கையூன்றி எழ வேண்டும். காலை நீட்டி அமர்ந்து விரல்களால் முன்னோக்கி எட்ட வேண்டும். இவற்றோடு உயரத்தையும் எடையையும் அளந்து, உடல் எடைக் குறியீட்டையும் பதிவு செய்வோம். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்தான் அது. நான் கணிதம் போதிப்பவள். உடற்கல்வி ஆசிரியர் மருத்துவ விடுப்பில் இருந்ததால் எடைக்கருவியின் பக்கம் நிற்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, எடைக்கருவியிலிருந்து இறங்கிய பின்னும் நகராமல் நின்றாள். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் நெருக்கத் தொடங்கினர். "என்னம்மா?" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"டீச்சர், நீங்கள் மெலிவதற்குச் சாப்பிட்ட மருந்தின் பெயர் என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன் நடந்த கதை அது! பிறகுதான் புரிந்தது. நூலகத்தில் 2013ஆம் ஆண்டின் பள்ளி ஆண்டிதழ் இருக்கிறது. அதில் ஆசிரியர் குழுவின் படத்தில் நான் இருக்கிறேன். பாத்திக் உடையில், கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு யாரோ ஓர் ஆசிரியை, "அப்போது டீச்சர் மருந்து சாப்பிட்டு எப்படி இளைத்திருந்தார் தெரியுமா?" என்று பிள்ளைகள் முன்னிலையில் சிரித்துப் பேசியிருக்கிறார்.

அந்தக் கேள்விக்கு வரிசையில் நின்றபடி பதில் சொல்ல இயலவில்லை. இடைவேளையில் வந்து பார்க்கும்படி சொல்லி அனுப்பினேன். அவளிடம் சொல்லியதையும், அவளிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கதையை 2002ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். அப்பொழுது நான் ஜொகூர் பாருவில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். விடுதியறையில் நாங்கள் நால்வர். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் என்பதால் எங்களுக்கு வானொலி என்றால் ஒலி 96.8தான், வார இறுதியில் வீட்டுக்குப் போனால் வசந்தம் சென்ட்ரல் நாடகங்கள். சிங்கப்பூரில் நடப்பவை எங்களுக்கு அடுத்த வீட்டுச் செய்திகள் போலத்தான்.

அந்த ஆண்டின் முற்பாதியில் ஒரு செய்தி எங்கும் பேசப்பட்டது. ஆண்ட்ரியா டி குரூஸ் என்ற இளம் தொலைக்காட்சி நடிகை, 'ஸ்லிம் 10' என்னும் மெலிவு மாத்திரையைச் சில மாதங்கள் உட்கொண்டதில் கல்லீரல் முற்றாகச் செயலிழந்து மரணத்தின் வாயிலில் கிடந்தார். அவரை மணக்கவிருந்த நடிகர் பியெர் பிங், தம் கல்லீரலில் ஒரு பகுதியை அறுத்துக் கொடுத்து அவரைக் காப்பாற்றினார். திரைப்படத்தில் வந்திருந்தால் நம்பியிருக்க மாட்டோம். விடுதியில் பெண்கள் கண் கலங்கிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு அவ்விருவரும் மணம் புரிந்துகொண்டபோது மீண்டும் ஒருமுறை பேசினோம்.

ஆனால் அதே மாத்திரையை உட்கொண்ட இன்னொரு பெண்மணியைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அவர் நடிகையல்லர், அதே தொலைக்காட்சி நிறுவனத்தில் பணிபுரிந்த ஊழியர். நாற்பதுகளில் இருந்தவர், நம்மவர். 2002ஆம் ஆண்டிலேயே கல்லீரல் செயலிழந்து இறந்துபோனார். செய்தி வந்தபொழுது எனக்கு இருபத்திரண்டு வயது. நாற்பதுகளில் இருப்பவரை வயதானவர் என்று நினைக்கும் பருவம். இன்று நானும் அந்த வயதில் இருக்கிறேன். அவருடைய பெயரை அன்று ஒருமுறை படித்துவிட்டுக் கடந்துபோனதை நினைத்தால் இப்பொழுது உறுத்துகிறது.

அந்த மாத்திரைக்குள் இருந்தது என்ன? சீனாவில் தயாரான அது, மூலிகை மருந்து என்றே விற்கப்பட்டது. சோதித்துப் பார்த்தபோது ஃபென்ஃபுளுரமின் என்ற வேதிப்பொருளும், அதிலிருந்து சற்றே மாற்றியமைக்கப்பட்ட நைட்ரோசோ ஃபென்ஃபுளுரமினும், தைராய்டுச் சுரப்பியைச் சார்ந்த பொருளும் இருந்தன. ஃபென்ஃபுளுரமின் மூளையில் செரட்டோனினைப் பெருக்கிப் பசியை அடக்கும். இதய வால்வுகளைப் பழுதாக்குகிறது என்று கண்டறிந்து அமெரிக்காவில் 1997இலேயே அதைச் சந்தையிலிருந்து அகற்றிவிட்டார்கள். அதன் நைட்ரோசோ வடிவம் கல்லீரலுக்கு நஞ்சு. தைராய்டுப் பொருளோ உடல் என்னும் அடுப்பை இரவும் பகலும் பெருந்தீயில் எரிய வைப்பது. இத்தனையும் ஒரு சிறு குளிகைக்குள், பெயர் சொல்லப்படாமல். அதே ஆண்டு ஜப்பானிலும் சீன மெலிவு மாத்திரைகளால் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இதே ஃபென்ஃபுளுரமின், 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வரும் ஓர் அரிய வகை வலிப்பு நோய்க்கு மருந்தாக மீண்டும் ஒப்புதல் பெற்றது. ஆனால் இதயத்தை அவ்வப்போது படமெடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்பது அந்த ஒப்புதலின் நிபந்தனையாக இருந்தது. நஞ்சு எது, மருந்து எது என்பது பொருளில் மட்டும் இல்லை. யார் கொடுக்கிறார், யாருக்கு, எவ்வளவு, பக்கத்தில் யார் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதிலும் இருக்கிறது.

அன்றைக்கு எங்கள் அறையில் நான்தான் பெரிய சொற்பொழிவு ஆற்றினேன். "படித்தவர்கள்கூட இப்படி ஏமாறுகிறார்களே!" என்று கேட்டேன். அந்தச் சொல் நன்றாக நினைவிருக்கிறது. 'படித்தவர்கள்கூட.'

பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 2013. கூலாயில் சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது மகன் பிறந்த பிறகு என் எடை 71 கிலோவில் நின்றுவிட்டது. உயரம் 157 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் குறியீடு 28.8. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் 23ஐத் தாண்டினால் மிகை எடை, 27.5ஐத் தாண்டினால் உடற்பருமன். ஆசிய மக்களுக்கு, அதிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும் நம்மவர்களுக்கு, ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்துவிடுவதால் இப்படி வரையறுத்திருக்கிறார்கள். ஆக, எடையைக் குறைக்க வேண்டிய தேவை எனக்கு உண்மையிலேயே இருந்தது. அதை மறுக்கவில்லை.

ஆனால் நான் மாத்திரையை நாடியது அந்தக் கணக்கைப் பார்த்து அன்று. உறவினர் திருமணம் ஒன்றில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான்.

எங்கள் தலைமுறைப் பெண்களின் கண் எப்படிப் பழகியது என்று எண்ணிப் பார்க்கிறேன். என் தாயார் காலத்தில் சாவித்திரி அழகி. நான் ஆரம்பப்பள்ளியில் படித்தபோது குஷ்பு அழகி. திருச்சியில் அவருக்குக் கோயிலே கட்டினார்கள் என்று தோட்டத்தில் சிரித்துப் பேசிக்கொண்டார்கள். நான் படிவம் நான்கு, ஐந்து படித்த வேளையில் சிம்ரன் வந்தார். அதற்குப் பிறகு இடுப்பு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. யாரும் ஆணையிடவில்லை. வானவில் அலைவரிசையில் பாடல் ஓடும். அடுத்து மெலிவு நிலையத்தின் விளம்பரம் ஓடும். நாளிதழைத் திறந்தால் 'முன்பு, பின்பு' என்று இரண்டு படங்கள். 'முன்பு' படத்தில் இருக்கும் பெண் எப்போதும் சிரிக்கமாட்டாள், கவனித்திருக்கிறீர்களா?

பின்னர் 2015ஆம் ஆண்டு 'இஞ்சி இடுப்பழகி' வந்தது. குறுக்கு வழியில் மெலிய வைக்கும் நிலையங்களைச் சாடிய அந்தப் படத்துக்காக அனுஷ்கா உண்மையாகவே எடையைக் கூட்டினார். படம் என்ன சொல்கிறது என்பதைவிட, "அனுஷ்கா மறுபடி இளைப்பாரா?" என்பதுதான் எங்கள் ஆசிரியர் அறையில் விவாதப் பொருளாக இருந்தது. நானும் அதில் கலந்துகொண்டேன்.

சரி, 2013க்கு வருகிறேன். வெள்ளை நெகிழிக் குப்பியில் முப்பது குளிகைகள். ஒட்டியிருந்த தாளில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. விலை நூற்றிருபது வெள்ளி. கொடுத்தவர், எனக்கு மிகவும் வேண்டிய ஒரு தோழி. அவருக்கும் யாரோ ஒரு வேண்டியவர் கொடுத்தது. "எல்லாம் மூலிகைதான்" என்றார். பதிவு எண் இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. 'படித்தவள்கூட!'

இரண்டு மாதங்களில் ஒன்பது கிலோ குறைந்தேன். பசி என்ற ஒன்று என்னைவிட்டுப் போய்விட்டது. சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் மணம் வரும். யாருக்கோ வந்த கடிதம் போல இருக்கும். வாய் எப்போதும் உலர்ந்திருக்கும். இரவில் உறக்கம் வராது. இரண்டு மணிக்கு எழுந்து மாணவர்களின் புத்தகங்களைத் திருத்துவேன். அதைச் சுறுசுறுப்பு என்று நம்பினேன். பள்ளியில் ஒவ்வொருவராக வந்து பாராட்டினார்கள். பதினோர் ஆண்டுகள் உழைத்ததில் கிடைக்காத பாராட்டு அந்த இரண்டு மாதங்களில் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்த மாதத்தில்தான் ஆண்டிதழுக்குப் படம் எடுத்தார்கள்.

என்னைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் ஒருவர் என் அண்ணி. எனக்கு எட்டு வயது மூத்தவர். அம்மா அதிகாலையில் பால்மரம் சீவப் போய்விடுவார். அண்ணன் மணம் முடித்து அண்ணி வீட்டுக்கு வந்தபின், பள்ளிக்குப் போகும் எனக்குத் தலைவாரி அனுப்பியவர் அவர்தான். அவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. அரசாங்க மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். "அதற்கும் இதற்கும் ஒன்றும் ஆகாதே?" என்று கேட்டார். "மூலிகைதான் அண்ணி" என்றேன். நானே காசு கொடுத்து ஒரு குப்பி வாங்கித் தந்தேன்.

மூன்றாம் வாரம் அண்ணி சமையலறையில் மயங்கி விழுந்தார். அண்ணன் கைப்பேசியில் அழைத்தபோது நான் நான்காம் ஆண்டு வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 190க்கு மேல். இதயம் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்தது. பணியில் இருந்த இளம் மருத்துவர், "வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறைதான் நான் வாயைத் திறந்தேன். இரண்டு முறை பேசாமல் நின்றேன் என்பதை இதுவரை அண்ணனிடம் சொன்னதில்லை.

அந்த மருத்துவர் என்னைத் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். பெயரில்லாத இத்தகைய குளிகைகளில் பலமுறை சிபுட்ராமின் கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், சோதிக்காமல் இது அதுதான் என்று உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனால் அறிகுறிகள் பொருந்துகின்றன என்றார். சிபுட்ராமின் ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதிக் கொடுத்த மருந்துதான். இதயநோய், நீரிழிவு போன்ற இடர்கள் உள்ள ஏறத்தாழப் பத்தாயிரம் பேரிடம் பல ஆண்டுகள் ஆய்வு செய்ததில், மருந்தை உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. 2010ஆம் ஆண்டு அது பல நாடுகளில் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. ஆனால் கள்ளச்சந்தைக்கு அது தெரியாதா என்ன? மருந்தகத்தை விட்டுப் போன பொருள் 'மூலிகை'யாகவும் 'காப்பி'யாகவும் வேடம் போட்டுத் திரும்பி வந்தது.

அண்ணி பிழைத்துக்கொண்டார். ஐந்து நாள்கள் கழித்து வீடு திரும்பினார். நான் காலைப் பிடித்து அழாத குறை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நீ கொடுத்ததாயிற்றே என்றுதான் நான் எதுவும் கேட்கவில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதன்பிறகுதான் 2002ஆம் ஆண்டுச் செய்தியை மீண்டும் தேடிப் படித்தேன். அன்று கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. ஆண்ட்ரியா அந்த மாத்திரையைக் கடைத்தெருவில் முகம் தெரியாதவரிடம் வாங்கவில்லை. உடன் பணியாற்றிய நடிகர் ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தார். வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் 2003இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாத்திரையை விநியோகித்த நிறுவனத்தின் மேல்முறையீட்டை 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உற்பத்தியாளர், இறக்குமதியாளர், விநியோகிப்பாளர் என்று சட்டம் ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகிறது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் எப்போதும் நமக்கு வேண்டிய ஒருவர் நிற்கிறார். என் அண்ணிக்கு அந்தக் கண்ணி நான்தான்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. பதிவு செய்யப்பட்ட எந்த மருந்திலும் 'எம்ஏஎல்' என்ற மூன்று ரோமன் எழுத்துகளும், அவற்றையடுத்து எட்டு இலக்கங்களும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்தியல் கட்டுப்பாட்டு முகமையின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பொருளின் பெயர் அங்கே வர வேண்டும். மருந்து விளம்பரங்களுக்கு முன் ஒப்புதல் தேவை என்பதற்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆனால் மெலிவுக் காப்பி, மெலிவுக் கோக்கோ என்று வரும்போது "இது உணவு, எண் தேவையில்லை" என்று தப்பித்துக்கொள்கிறார்கள். உண்மையில் உணவாக மட்டும் இருந்தால் தேவையில்லைதான். காப்பி குடித்தவருக்கு இரண்டு நாள் பசிக்கவில்லை என்றால் அது காப்பி அன்று என்பதை நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

குளிகையை நிறுத்தியபின் எனக்கு என்ன ஆயிற்று? ஐந்தே மாதங்களில் 74 கிலோ. போன ஒன்பதும் திரும்பி வந்தது, கூடவே மூன்றையும் அழைத்துக்கொண்டு. பாராட்டியவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கண்கள் மட்டும் கேட்டன.

அதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாம் சுவையில்லாதவை. கதையாகச் சொல்ல ஏற்றவை அல்ல. சுகாதார மருந்தகத்தின் உணவியல் அலுவலர், முதலில் ஒரு வாரத்துக்கு வாயில் போவதையெல்லாம் எழுதி வரச் சொன்னார். எழுதினேன். நான் சோற்றைத்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். ஏட்டில் வேறொன்று தெரிந்தது: ஒரு நாளைக்கு நான்கு குவளை தே தாரேக். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கரண்டி கெட்டிப்பால். கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தகர டப்பாவின் சீட்டைப் படித்த பிறகுதான் நம்பினேன். (2019 ஜூலை முதல் போத்தல் பானங்களுக்குச் சர்க்கரை வரி வந்தது. உணவகத்தில் ஆற்றித் தரும் தேநீருக்கு வரியும் இல்லை, சீட்டும் இல்லை.) இரண்டு ரொட்டி சானாய் தின்றால் அறுநூறு கலோரி. அதைத் தின்றுவிட்டு, "இன்று சோறே சாப்பிடவில்லை" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் தாயார் தோட்டத்தில் மூன்று வேளையும் சோறுதான் உண்டார். விடியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பாலைச் சுமந்து, மாலையில் விறகும் பொறுக்கி வந்தார். அவர் உடம்பில் ஒரு பிடி சதையும் மிகுதியில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். சோறு மட்டும் அதே அளவில் நம்முடன் வந்தது. உழைப்பு அங்கேயே நின்றுவிட்டது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மிகை எடையும் பருமனும் நாட்டிலேயே இந்தியர்களிடம்தான் அதிகமாக இருந்தன, நூற்றுக்கு 63.9 பேர். நீரிழிவிலும் நாம்தான் முன்னே. ஆகவே, "குண்டாக இருப்பதும் அழகுதான், விட்டுவிடுங்கள்" என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. எடை நமக்கு மெய்யான பிரச்சினை. அதனால்தான் பொய்யான தீர்வை விற்பவர்களுக்கு நம்மிடையே இவ்வளவு வியாபாரம் நடக்கிறது.

தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும் என்று சுகாதார அமைச்சு சொல்வதைத்தான் பின்பற்றினேன். தேநீர் ஒன்றாகக் குறைந்தது, அதுவும் சீனி இல்லாமல். மாலையில் அரை மணி நேரம் நடை. துணைக்கு யார் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணிதான்! எங்கள் தாமானின் திடலை நாத்தனாரும் அண்ணியும் இன்றளவும் சுற்றிக்கொண்டிருக்கிறோம். முதல் மாதம் ஒரு கிலோ குறைந்தது. மூன்றாம் மாதம் ஒன்றுமே குறையவில்லை, அழுகையே வந்தது. 74இலிருந்து 66க்கு வர ஒன்றரை ஆண்டு பிடித்தது. இன்றும் அட்டவணைப்படி நான் மிகை எடைதான். ஆனால் எடையில் நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும் என்று மருத்துவர் சொன்னது என் இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அந்த ஒன்றரை ஆண்டில் ஒருவரும் என்னைப் பாராட்டவில்லை. அவ்வளவு மெதுவாக நடப்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

இப்போது புதிதாக ஊசி மருந்து வந்திருக்கிறது. செமாகுளுடைட் என்ற அது மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டிய, ஆராய்ந்து ஒப்புதல் பெற்ற மருந்து. ஆனால் அதற்கும் போலிகள் உலவுவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் எச்சரித்தது. கைப்பேசிக் குழுக்களில் 'நானே உபயோகித்தேன்' என்று விற்கிறார்கள். பேச்சு மட்டும் 2013இல் கேட்ட அதே பேச்சு.

அந்த மாணவிக்கு வருகிறேன். இடைவேளையில் வந்தாள். அவளுடைய குறியீட்டைப் பெரியவர்களின் அட்டவணையில் வைத்துப் பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பத் தனி அளவுகள் உண்டு. அதன்படி அவள் முற்றிலும் சரியான எடையில் இருக்கிறாள். அதைச் சொன்னேன். "உனக்கு மருந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்றேன்.

"எனக்கு இல்லை, டீச்சர். அம்மாவுக்கு" என்றாள்.

அம்மா ஒரு காப்பி குடிக்கிறாராம். இரவில் தூங்குவதில்லையாம். கை நடுங்குகிறதாம். டீச்சர் சாப்பிட்டது நல்ல மருந்தாக இருந்தால், இதை விட்டுவிட்டு அதைக் குடிக்கச் சொல்லலாமே என்று நினைத்திருக்கிறாள்.

பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளை எடைக்கருவியில் ஏற்றி, எண்ணை உரக்கப் படித்து, நண்பர்கள் சிரிக்கக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். (அன்றைய தினமே பாதியில் நிறுத்தி, எடைக்கருவியை அலமாரிக்குப் பின்னால் நகர்த்தினேன். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எண்ணைத் தாளில் மட்டும் எழுதினேன். நேரம் கூடுதலாக ஆயிற்று. துணைத் தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.) அந்த வரிசையில் நின்றுகொண்டு ஒரு பிள்ளை தன் எடையைப் பற்றிக் கவலைப்படவில்லை, வீட்டில் தூங்காமல் இருக்கும் அம்மாவைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள்.

பள்ளி விட்டதும் வாயிலில் அவள் தாயாரைச் சந்தித்தேன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் பாலம் கடந்து வேலைக்குப் போய், முறை மாறும் நாள்களில் மட்டும் பிள்ளையை அழைக்க வருபவர். தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். தங்க நிறத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரிப்பாளரின் முகவரிகூட இல்லை. "யாரிடம் வாங்கினீர்கள்?" என்றேன். "என் சித்தி மகள்தான் விற்கிறாள், டீச்சர். வெளியாள் இல்லை" என்றார்.

காரின் பக்கத்தில் நின்றபடி அண்ணியின் கதையை அவரிடம் சொன்னேன். மருத்துவர் மூன்று முறை கேட்டதையும் சொன்னேன். இந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இன்றே மருந்தகத்துக்குப் போய் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள், நானும் உடன் வருகிறேன் என்றேன். அவர் எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டார். பிறகு கேட்டார்:

"ஆனால் டீச்சர், உங்களுக்கு ஒன்பது கிலோ குறைந்தது உண்மைதானே?"

உண்மைதான் என்றேன். பின்னர் பன்னிரண்டாகத் திரும்பி வந்ததையும் சொன்னேன். அதற்குள் பின்னால் வந்த கார்கள் ஒலி எழுப்பத் தொடங்கிவிட்டன. பொட்டலத்தை என்னிடம் தரவில்லை. மீண்டும் கைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் வேலை இல்லை, காலையில் அழைக்கிறேன் என்றார். பின்னிருக்கையிலிருந்து அவள் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் அழைப்பு வரவில்லை. நான் அழைத்தேன், எடுக்கவில்லை. இன்று மாலை நடந்துகொண்டிருந்தபோது இதை அண்ணியிடம் சொன்னேன். "எண்ணை என்னிடம் கொடு, நான் பேசுகிறேன்" என்றார்.